ஒளி பட்டால் கூம்பு செல் அடங்குகிறது, கேங்லியான் செல் ஏன் துடிக்கிறது? – விழித்திரைச் சுற்று பற்றிய இழை

பத்தாம்_அடுக்கு:
பாடப்புத்தகத்தில் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒளி பட்டதும் கோல் செல்லும் கூம்பு செல்லும் இன்னும் எதிர்மறை மின்னழுத்தத்துக்குப் போய், வேதித்தூது விடுவதைக் குறைக்கின்றன என்கிறது ஒரு வரி. அடுத்த பக்கத்தில், ஒளி பட்டதும் ஆன் கேங்லியான் செல் (மூளைக்குச் செய்தி அனுப்பும் கடைசிச் செல்) படபடவென ஸ்பைக், அதாவது மின்துடிப்பு, அனுப்புகிறது என்று இருக்கிறது. முதல் செல் வாயை மூடினால் மூன்றாவது செல் ஏன் கத்துகிறது? குறி எங்கே மாறுகிறது? கிடைமட்ட செல், அமக்ரைன் செல் இரண்டையும் 'பக்கவாட்டுத் தடை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

தவளைவிழி:
நேர்ப்பாதையில் குறி மாறும் இடம் ஒன்றுதான்: ஒளியுணர் செல்லுக்கும் (கோல், கூம்பு) அடுத்துள்ள ஆன் இருமுனை செல்லுக்கும் நடுவே உள்ள சினாப்ஸ், அதாவது செய்தி கைமாறும் சந்தி. அதற்கு முன் இருட்டில் நடப்பதைப் பார்த்துவிடுங்கள்.

இருட்டில் ஒளியுணர் செல்லின் வெளித்துண்டில் சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறு நிறைந்திருக்கும். அது திறந்து வைத்திருக்கும் வாயில்கள் வழியே சோடியமும் கொஞ்சம் கால்சியமும் உள்ளே வந்தபடி இருக்கும். அதனால் செல் ஏறத்தாழ −40 மில்லிவோல்ட்டில் நிற்கும். அந்த அழுத்தத்தில் அடிமுனையிலுள்ள கால்சியம் வாயில்களும் திறந்தே இருப்பதால், முழுக்கத் திருகாத குழாய்போலக் குளூட்டமேட் என்ற வேதித்தூது கசிந்துகொண்டே இருக்கும். ஒளி வந்தால் ரோடாப்சின் டிரான்ஸ்டியூசினைத் தூண்டும், அது பாஸ்போடைஎஸ்டரேஸ் 6 நொதியைத் தூண்டும், நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும், வாயில்கள் மூடும். செல் −65 பக்கம் இறங்கும். கசிவு குறையும். ஆக, ஒளியுணர் செல் உரக்கச் சொல்வது இருட்டைத்தான்.

இனி இருமுனை செல். ஆஃப், அதாவது இருட்டுக்குக் கிளரும், இருமுனையில் ஆம்பா, கைனேட் வகை ஏற்பிகள் உள்ளன. குளூட்டமேட் வந்தால் கிளர்ச்சி, குறைந்தால் அடக்கம். அதாவது கூம்பு செல்லின் குறி அப்படியே போகிறது. ஆன் இருமுனையில் இருப்பது எம்குளூஆர்6 என்ற வேறு ஏற்பி. இது வாயில் அல்ல. குளூட்டமேட் ஒட்டியதும் உள்ளே ஒரு ஜி-புரதத்தை ஏவி, டிஆர்பிஎம்1 என்ற வாயிலை மூடவைக்கும். இருட்டில் குளூட்டமேட் அதிகம், ஆகவே வாயில் மூடியிருக்கும், செல் அடங்கியிருக்கும். ஒளியில் குளூட்டமேட் குறையும், வாயில் திறக்கும், செல் கிளரும். கழித்தலைக் கழித்தால் கூட்டல்.

அதன் பின் இரண்டு வகை இருமுனை செல்களுமே கேங்லியான் செல்லுக்குக் குளூட்டமேட்டைத்தான் கொடுக்கின்றன, அங்கே அது சாதாரணக் கிளர்ச்சி. எந்தச் சுற்றைப் படித்தாலும் ஒவ்வொரு சினாப்ஸிலும் பென்சிலால் கூட்டலா கழித்தலா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். விழித்திரையில் முக்கால்வாசிக் குழப்பம் அத்தோடு தீரும்.

கூடுதலாக ஒன்று: சில்டெனாஃபில் மாத்திரை குறிவைப்பது ஐந்தாம் வகை நொதியை. ஆனால் மேலே சொன்ன ஆறாம் வகையையும் ஓரளவு தடுக்கும். அதிக அளவில் எடுத்தவர்களுக்குச் சில மணி நேரம் எல்லாம் நீலம் பூசியதுபோலத் தெரிவது அதனால்தான்.

குறுக்குக்கேள்வி:
எதற்கு இரண்டு பாதை? ஒரே செல்லில் ஸ்பைக் கூடினால் வெளிச்சம், குறைந்தால் இருட்டு என்று வைத்துக்கொள்ளலாமே. இரட்டிப்புச் செலவு ஏன்?

மின்முனை60:
ஸ்பைக் எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போகாது என்பதுதான் சிக்கல். ஒரே பாதையில் இரண்டையும் சொல்ல வேண்டுமானால், ஓய்விலேயே உயர்ந்த வேகத்தில் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது ஆற்றல் விரயம். வேகமும் கெடும். ஓய்வில் வினாடிக்கு 10 ஸ்பைக் விடும் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஸ்பைக்குக்கு இடையே 100 மில்லிவினாடி. அது 5 ஆகக் குறைந்ததா என்று அறிய அடுத்த ஸ்பைக்குக்கு 200 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். தனி ஆஃப் செல் இருந்தால் நிழல் விழுந்த சில பத்து மில்லிவினாடிகளில் ஸ்பைக் கூட்டமாகவே வந்துவிடும்.

ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். எல்-ஏபி4 என்ற மருந்து எம்குளூஆர்6 ஏற்பியில் குளூட்டமேட்போலவே போய் ஒட்டிக்கொள்ளும். ஆன் இருமுனை எப்போதும் இருட்டு என்றே நம்பும். 1986இல் பீட்டர் ஷில்லர் குழு இதைக் குரங்கின் கண்ணுக்குள் செலுத்தியது. பின்னணியைவிடக் கருமையான புள்ளிகளைக் குரங்குகள் வழக்கம்போலவே கண்டுபிடித்தன. பின்னணியைவிட வெளிச்சமான புள்ளிகளில்தான் தடுமாறின.

இரண்டு பாதைகளும் சரிசமம் என்றும் எண்ண வேண்டாம். மனித விழித்திரையில் பாராசால் என்று கேங்லியான் செல்லில் ஒரு வகை உண்டு, அதில் ஆன் பாராசால் செல்லின் கிளைப்பரப்பு ஆஃப் பாராசாலைவிட விட்டத்தில் 30 விழுக்காடு அளவுக்குப் பெரியது. அதாவது ஆஃப் செல்கள் சின்னதாகவும் நெருக்கமாகவும் அடுக்கப்பட்டுள்ளன. இயற்கைக் காட்சிகளில் கருமை மாறுபாடுகள் அதிகம் என்பதோடு இது பொருந்துகிறது.

பி_அலை:
அந்த எல்-ஏபி4 ஆய்வை இயற்கையே மனிதரில் செய்து காட்டியிருக்கிறது. பிறவியிலேயே வந்து, கூடாமல் குறையாமல் அப்படியே நிற்கும் மாலைக்கண் நோய், சிஎஸ்என்பி என்பார்கள். அதன் முழு வகையில் எம்குளூஆர்6, டிஆர்பிஎம்1, நிக்டலோபின் போன்ற புரதங்களுக்கான மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதாகியிருக்கும். ஒளியுணர் செல் நலமாக இருக்கும், ஆன் இருமுனைக்குச் செய்தி போகாது.

ஒளிக்கு விழித்திரை தரும் மின்பதிலை அளக்கும் இஆர்ஜி பதிவில் இது பளிச்சென்று தெரியும். 20 நிமிடம் இருட்டில் வைத்த பிறகு:

மங்கலான 0.01 வலுப் பளிச்சில் (அலகு: சதுர மீட்டருக்குக் கேண்டெலா-வினாடி) சாதாரணக் கண்ணுக்குப் பி-அலை மட்டும் வரும். அது கோல் இருமுனை செல்லின் குரல். இந்த நோயாளிக்குக் கோடு தட்டையாகவே போகும்.

அதே அலகில் 10 என்ற வலுவான பளிச்சில் ஏ-அலை, அதாவது ஒளியுணர் செல்லின் இறக்கம், நன்றாக இருக்கும். ஆனால் அதன் பின் பி-அலை மேலே ஏறாது, அடிக்கோட்டைக்கூடத் தொடாமல் நிற்கும். எதிர்மறை இஆர்ஜி என்பது இதுதான்.

ஒளியில் பழக்கிய பதிவில் பளிச்சை 150–200 மில்லிவினாடி நீட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஒளி போட்டதும் வரவேண்டிய பி-அலை இல்லை. ஒளியை நிறுத்தியதும் வரும் டி-அலை மட்டும் ஜம்மென்று இருக்கும். தவளைவிழி சொன்ன பென்சில் கணக்கை ஒரே தாளில் பார்ப்பதுபோல.

குறை வகை வேறு. அங்கே ஒளியுணர் செல்லின் அடிமுனையிலுள்ள கால்சியம் வாயிலே பழுது, காக்னா1எஃப் மரபணு. கசிவே சரியில்லாததால் ஆன், ஆஃப் இரண்டும் அடிவாங்கும். மங்கல் பளிச்சில் கொஞ்சமாவது அலை இருக்கும், ஆனால் 30 ஹெர்ட்ஸ் மினுக்கலில் பதிவு மிகச் சிறுத்து, உச்சி இரண்டாகப் பிளந்திருக்கும்.

வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே நிறமியே போதாது, ஏ-அலையும் சேர்ந்தே சிறுக்கும். வைட்டமின் கொடுத்தால் திரும்பும். சிஎஸ்என்பி திரும்பாது.

பத்தாம்_அடுக்கு:
நன்றி டாக்டர். எதிர்மறை இஆர்ஜி பார்த்தாலே சிஎஸ்என்பி என்று எழுதிவிடலாமா?

பி_அலை:
கூடவே கூடாது. மையத் தமனி அடைத்தாலும் இதே வடிவம்தான். ஒளியுணர் செல்லுக்கு உணவு பின்னாலுள்ள கோராய்டு என்ற இரத்தக்குழாய் அடுக்கிலிருந்து வருகிறது, உள் அடுக்குகளுக்கு மையத் தமனி. அடைப்பில் முன்னது பிழைக்கும், பின்னது சாகும். எக்ஸ் வழி ரெட்டினோஸ்கைசிஸ், குவினைன் நச்சு ஆகியவற்றிலும் வரும். நடுத்தர வயதில் புதிதாக மாலைக்கண்ணும் மினுமினுப்பும் தொடங்கி எதிர்மறை இஆர்ஜி வந்தால், உடலில் எங்காவது மெலனோமா என்ற நிறமிச்செல் புற்று இருக்கிறதா என்று தேடச் சொல்வது வழக்கம். அந்தப் புற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் சிலருக்கு டிஆர்பிஎம்1 வாயிலையே தாக்குகிறது.

பதிவிலும் போலி எதிர்மறை வரும். எடுக்கும் முன் கவனிக்க: மின்முனை மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழ், வடிகட்டி 0.3 முதல் 300 ஹெர்ட்ஸ், கண்பாப்பா முழுதாக விரிந்திருக்க வேண்டும். கண்ணின் பின்புறத்தை ஃபண்டஸ் படமோ, சாயம் ஏற்றி ஃபுளோரசீன் படமோ எடுத்திருந்தால் சாதாரண அறை வெளிச்சத்தில் 30 நிமிடம் கழித்துத்தான் இருட்டுப் பழக்கத்தையே தொடங்க வேண்டும். 10 வலுப் பளிச்சு ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 வினாடி இடைவெளி விடாமல் அவசரப்பட்டால் கோல் செல் மீளாது, அலை உயரம் அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே போகும்.

அப்பலூசா குதிரை தெரியுமா? உடம்பில் சிறுத்தைபோலப் புள்ளி. அந்தப் புள்ளிக்கான மரபணு இரு பக்கமும் வந்த குதிரைகளுக்கு இதே இரவுக் குருடு. காரணம் அதே டிஆர்பிஎம்1. அந்தப் புரதம் தோலின் நிறமிச் செல்லிலும் வேலை செய்கிறது.

குறுக்குக்கேள்வி:
ஒரு ஓட்டை. ஆன் பாதை முழுக்கச் செத்தும் சிஎஸ்என்பி நோயாளிகள் பகலில் நடமாடுவதற்கு ஆஃப் கூம்புப் பாதை இருக்கிறது, சரி. ஆனால் இரவில் கோல் செல்லுக்கும் ஆஃப் பாதை இருக்க வேண்டுமே? அதில் ஏன் தப்பிக்கவில்லை?

தவளைவிழி:
இந்த இழையின் நல்ல கேள்வி இதுதான். பாலூட்டிகளில் கோல் செல்லுக்கென்று இருக்கும் இருமுனை செல் ஒரே வகை, அதுவும் ஆன் வகை. அந்தச் செல் கேங்லியான் செல்லை நேரடியாகத் தொடுவதுமில்லை. சுற்றி வளைத்துக் கூம்புப் பாதையில் ஏறிக்கொள்கிறது.

கோல் இருமுனையின் முனை ஏ2 அமக்ரைன் செல்லுக்குக் குளூட்டமேட் கொடுக்கும் (கூட்டல்). ஏ2 செல்லுக்கு இரண்டு கைகள். உள்பக்கக் கை ஆன் கூம்பு இருமுனையோடு கனெக்சின் 36 புரதத்தாலான இடைவெளிச் சந்தியில் மின்சாரமாகவே இணைந்திருக்கும் (கூட்டல்). வெளிப்பக்கக் கை ஆஃப் கூம்பு இருமுனையின் முனையில் கிளைசின் விடும் (கழித்தல்). ஒரு மங்கலான ஒளி வந்தால் ஆன் பக்கம் ஏறும், ஆஃப் பக்கம் இறங்கும். ஒரே செல் இரண்டு குறிகளையும் உண்டாக்கிவிட்டது. ஆனால் இரண்டுக்குமே நுழைவாயில் அந்த ஒரே எம்குளூஆர்6. அது போனால் இரவில் இரண்டுமே போச்சு.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கோல் செல்லிலிருந்து கூம்பு செல்லுக்கு நேர் மின்சந்தி உண்டு, சில ஆஃப் இருமுனை செல்கள் கோல் செல்லை நேரடியாகத் தொடுவதும் உண்டு. அவை அந்தி வெளிச்சத்துக்கு உதவும். நட்சத்திர வெளிச்சத்துக்குப் போதாது.

ஏன் போதாது என்பதற்கு அளவுகள்: கோல் செல் ஒற்றை ஃபோட்டானுக்கே பதில் சொல்லும். 1979இல் பேலர், லாம், யாவ் தேரையின் கோல் செல்லை உறிஞ்சு மின்முனைக்குள் இழுத்து அளந்தபோது ஒரு ஃபோட்டானுக்குச் சுமார் 1 பிக்கோஆம்பியர் மாற்றம் கிடைத்தது. குரங்கின் கோல் செல்லில் முழு இருட்டு மின்னோட்டமே 30 பிக்கோஆம்பியர் சுமார்தான். 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் கணக்கிட்டபடி மனிதர் பளிச்சைக் கண்டுகொள்ள, சில நூறு கோல் செல்கள் உள்ள பரப்பில் ஐந்து முதல் பதினான்கு ஃபோட்டான்கள் உறிஞ்சப்பட்டால் போதும். அதாவது பெரும்பாலான கோல் செல்களில் ஒன்றும் நடந்திருக்காது, வெறும் இரைச்சல்தான். அந்த இரைச்சலை எல்லாம் கூட்டிக் கடைசியில் வடிகட்டினால் செய்தி மூழ்கிவிடும். கோல் செல்லுக்கும் கோல் இருமுனைக்கும் நடுவேயுள்ள சினாப்ஸ் சின்னச் சின்ன அசைவுகளை அங்கேயே வெட்டிவிட்டு, ஃபோட்டான் வந்த அளவுக்குப் பெரிய இறக்கத்தை மட்டும் விடுகிறது. கூட்டலுக்கு முன் வெட்டு. மாற்று வழிகளில் இந்த வெட்டு இல்லை.

பத்தாம்_அடுக்கு:
கிடைமட்ட செல்லை மறந்துவிட்டீர்கள்.

தவளைவிழி:
மறக்கவில்லை, பென்சிலைக் கையில் எடுங்கள். நடுவில் ஒரு கூம்பு செல், சுற்றிலும் வெளிச்சம். சுற்றியுள்ள கூம்புகளின் குளூட்டமேட் குறைகிறது. கிடைமட்ட செல்லில் இருப்பது ஆம்பா வகை, எனவே அதுவும் இறங்குகிறது. கிடைமட்ட செல் கூம்பின் அடிமுனையைத் தடுக்கும் செல். அது இறங்கினால் தடை தளரும். நடுக் கூம்பின் கால்சியம் வாயில்கள் கூடுதலாகத் திறக்கும், குளூட்டமேட் கூடும். ஆக, சுற்றிலும் வெளிச்சம் வந்தால் நடுக் கூம்பு 'இங்கே இருட்டு' என்கிறது. 1953இல் ஸ்டீபன் குஃப்லர் பூனையின் கேங்லியான் செல்லில் கண்ட மையம்-சுற்றுப்புறம் எதிர்ப்பின் முதல் படி இதுதான். இரண்டாம் படியை அமக்ரைன் செல்கள் உள் அடுக்கில் போடுகின்றன.

தடை எந்த வழியில் போகிறது என்பதில்தான் இன்னும் அடிதடி. பழைய விடை காபா என்ற தடைத் தூது. சினாப்ஸ் பிளவில் புரோட்டான் அளவு மாறுவது என்பது இன்னொன்று. கிடைமட்ட செல்லின் நுனியில் ஓடும் மின்னோட்டமே பிளவின் மின்னழுத்தத்தை மாற்றுகிறது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. உயிரினத்துக்கு உயிரினம் பங்கு மாறுகிறது என்று எடுத்துக்கொள்வதே என் கட்சி.

குறுக்குக்கேள்வி:
அப்படியானால் ஹெர்மன் கட்டத்தில் கறுப்புச் சதுரங்களுக்கு நடுவே சந்திப்புகளில் சாம்பல் புள்ளி தெரிவதற்கு இதுதான் காரணம், இல்லையா? எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

மின்முனை60:
போட்டிருக்கிறது, ஆனால் நிற்காது. ஹெர்மன் 1870இல் விவரித்ததை 1960இல் பௌம்கார்ட்னர் இப்படி விளக்கினார்: சந்திப்பில் நான்கு பக்கமும் வெள்ளை, எனவே சுற்றுப்புறத் தடை அதிகம், எனவே கருமை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கட்டத்தின் நேர்க்கோடுகளைச் சற்று வளைத்து அலைபோலாக்கினால் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. 2008இல் கையர் குழு இதைக் காட்டியது. சந்திப்பில் உள்ள வெள்ளை அளவு கிட்டத்தட்ட அதேதான், தடைக் கணக்கு மாறவில்லை. மாறியது நேர்க்கோடு மட்டும். ஷில்லரும் கார்வியும் 2005இலேயே செல்களின் உண்மையான ஏற்புப் பரப்பை வைத்துப் பார்த்து, இதைப் பெருமூளைப் புறணியின் திசையுணர் செல்களிடம் தள்ளினார்கள். பக்கவாட்டுத் தடை உண்மை, இந்தப் படம் அதற்குச் சான்றல்ல. வகுப்பில் காட்ட வேண்டுமென்றால் மாக் பட்டைகள் (வெளிச்சம் மாறும் விளிம்பில் தெரியும் போலிக் கோடுகள்) பரவாயில்லை, அதிலும் எல்லாம் விழித்திரை என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

குறுக்குக்கேள்வி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அலைக் கோட்டை வரைந்து பார்த்தேன், புள்ளி போயே போச்சு.

பத்தாம்_அடுக்கு:
இன்னொரு எண்ணிக்கைச் சந்தேகம். சில இடங்களில் கோல் செல் 12 கோடி, சில இடங்களில் 9 கோடி. எது சரி?

பி_அலை:
12 கோடி பக்கம் வரும் எண் 1935இல் ஆஸ்டர்பெர்க் ஒரு விழித்திரையில் எண்ணியதிலிருந்து வழிவழியாக வருவது. 1990இல் கர்சியோ குழு பல விழித்திரைகளில் எண்ணியதில் சராசரி 9.2 கோடி கோல், 46 லட்சம் கூம்பு. கேங்லியான் செல் சுமார் 10 லட்சம், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். இரண்டையும் வகுத்து 'நூற்றுக்கு ஒன்று' என்று சொல்வது பயனில்லாத கணக்கு. கூர்மையாகப் பார்க்கும் ஃபோவியாவின் மையத்தில் ஒரு கூம்புக்கு ஒரு ஆன், ஒரு ஆஃப் என இரண்டு மிட்ஜெட் கேங்லியான் செல்கள். சுருக்கமே இல்லை, விரிவுதான். ஓரத்தில்தான் பல நூறு கோல் செல்கள் ஒன்றில் குவிகின்றன.

மின்முனை60:
இந்த இடத்தில் நட்சத்திர அமக்ரைன் செல்லைச் சொல்லாவிட்டால் அமக்ரைனைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. 1964இல் பார்லோ, ஹில், லெவிக் மூவரும் முயல் விழித்திரையில், புள்ளி ஒரு திசையில் நகர்ந்தால் துடித்து, எதிர்த்திசையில் நகர்ந்தால் வாயே திறக்காத கேங்லியான் செல்களை விவரித்தார்கள். இப்போது அதன் பொறிமுறை ஓரளவு தெளிவு.

நட்சத்திர செல்லுக்கு ஆக்சான் கிடையாது. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைகள், ஒவ்வொரு கிளையின் நுனியும் தானே வெளியீட்டு முனை. நடுவிலிருந்து நுனியை நோக்கி ஒளி நகர்ந்தால் அந்த நுனியில் கால்சியம் ஏறும். நுனியிலிருந்து நடுவுக்கு நகர்ந்தால் ஏறாது. ஆய்லர், டெட்வைலர், டெங்க் 2002இல் இதை இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியில் கிளை கிளையாகப் பார்த்தார்கள். அந்த நுனி விடுவது காபா, தடை.

இப்போது குறி. கேங்லியான் செல்லுக்குப் பிடிக்காத திசை இடம் என்றால், இடப்பக்கம் நீளும் நட்சத்திரக் கிளைகளோடு மட்டும் அது சினாப்ஸ் போட்டிருக்கும். இடப்பக்கம் நகரும் ஒளி அந்தக் கிளைகளைக் கிளப்பும், காபா வரும், செல் அடங்கும். வலப்பக்கம் நகர்ந்தால் அந்தக் கிளைகள் தூங்கும், செல் துடிக்கும். 2011இல் பிரிக்மன், ஹெல்ம்ஷ்டேட்டர், டெங்க் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான தொடுபுள்ளிகளைத் தொடர்ந்து இந்த ஓரவஞ்சனையைக் காட்டினார்கள். பக்கத்தில் பத்துக் கிளை போனாலும் சரியான திசையில் போகும் கிளையைத்தான் பிடிக்கிறது.

மருத்துவத் தொடர்பும் உண்டு: பிறவிக் கண்ணாட்டத்தின் ஒரு வகைக்குக் காரணமான எஃப்ஆர்எம்டி7 மரபணுவை எலியில் கெடுத்தால், கிடைத்திசையில் மட்டும் இந்த ஓரவஞ்சனை காணாமல் போகிறது. 2016இல் வந்த முடிவு.

ஈரத்திரை:
இழைக்குப் புதிது. எலி விழித்திரையை 60 மின்முனைத் தட்டில் வைத்து, 2 வினாடி ஒளி, 2 வினாடி இருட்டு கொடுத்தால் ஆஃப் செல்கள் மட்டும் வருகின்றன, ஆன் கிட்டத்தட்ட இல்லை. மரபணு மாற்றமில்லாத எலிதான். என்ன பார்க்கலாம்?

மின்முனை60:
வரிசையாகப் பாருங்கள் தம்பி.

முதலில் ஒளியின் நேரக் குறியீடு. திரையின் மூலையில் ஃபோட்டோடையோடு ஒட்டி அதன் அலையையும் சேர்த்துப் பதிவதுதான் ஒரே நம்பகமான வழி. கணினி 'இப்போது வெள்ளை' என்று சொல்வதற்கும் திரை வெள்ளையாவதற்கும் ஓரிரண்டு பிரேம் தாமதம் இருக்கும். அதைவிடக் கொடுமை, நிரலில் 0-1 தலைகீழாகி, ஆன் எல்லாம் ஆஃப் என்று பெயர் மாறியிருப்பது. இது அடிக்கடி நடக்கும்.

அது சரியென்றால் ஆக்சிஜன். ஆன் பாதை மூச்சுத் திணறலுக்கு முதலில் பலியாகும், பி_அலை சொன்ன தமனி அடைப்புக் கதையேதான். விழித்திரையை உயிரோடு வைக்கும் ஏம்ஸ் கரைசல் லிட்டருக்கு 8.8 கிராம், சோடியம் பைகார்பனேட் 1.9 கிராம், 95 விழுக்காடு ஆக்சிஜன் 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடு குமிழ் விட்டபடியே இருக்க வேண்டும், பிஎச் 7.4. குமிழ் நின்றால் பிஎச் ஏறி, கால்சியம் வெள்ளையாகக் கலங்கும். கலங்கியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், வடிகட்டிப் பயன்படுத்தாதீர்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 3–5 மில்லிலிட்டர், தட்டில் 34 பாகை. குழாயில் சூடாகி வந்தாலும் தட்டில் ஆறிவிடும், தட்டிலேயே அளந்து பாருங்கள்.

அடுத்து ஒளி அளவு. விழித்திரையை நிறமி மேலடுக்கிலிருந்து பிரித்த பின் கோல் செல்லில் வெளுத்த ரோடாப்சின் மீண்டு வராது. அறுவை மேசை விளக்கில் ஒருமுறை காட்டினாலே அன்றைய கோல் பதிவு முடிந்தது. அகச்சிவப்பில், 850 நானோமீட்டருக்கு மேல், இரவுக் கண்ணாடி போட்டு அறுங்கள்.

நிறம். எலியின் விழித்திரையில் கீழ்ப்பாதிக் கூம்புகள் பெரும்பாலும் 360 நானோமீட்டர் புறஊதா நிறமி வைத்தவை. சாதாரண கணினித் திரை அந்தப் பக்கம் ஒன்றுமே விடாது. கீழ்ப்பாதித் துண்டை வைத்துவிட்டுப் பகல் ஒளிப் பதிவு மங்கல் என்று புலம்புவோர் ஏராளம். 385 நானோமீட்டர் எல்இடி ஒன்றைச் சேருங்கள்.

கண்ணாடி நீர்மம். கேங்லியான் பக்கம் தட்டில் படும்படிக் கவிழ்க்கிறீர்கள், நடுவே இந்த நீர்மம் (விட்ரியஸ்) ஒரு மெல்லிய ஏடாக மிச்சமிருந்தால் சில மின்முனைகளில் மட்டும் பெரிய ஸ்பைக், மற்றவற்றில் வெறும் இரைச்சல் வரும். நுண்ணிடுக்கியால் ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள், ஜவ்வுபோல ஒரே துண்டாக வரும்.

தவளைவிழி:
பகுப்பாய்வில் ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். வெள்ளை இரைச்சல் சதுரங்கப் பலகை (50–60 மைக்ரோமீட்டர் சதுரம், 30 நிமிடம்) ஓட்டி, ஸ்பைக்குக்கு முந்தைய படங்களின் சராசரி எடுப்பார்கள். ஆன் செல்லுக்கு வெள்ளைத் திட்டு, ஆஃபுக்குக் கறுப்புத் திட்டு வரும். ஆன்-ஆஃப் செல், திசையுணர் செல்லில் பெரும்பாலானவை அவ்வகைதான், வெள்ளைக்கும் துடிக்கும் கறுப்புக்கும் துடிக்கும். சராசரியில் இரண்டும் அடித்துக்கொண்டு சாம்பலாகிவிடும். 'பதிலில்லாத செல்' என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அவற்றுக்கு இணைமாறுபாட்டைக் கணக்கிட வேண்டும், அல்லது எட்டுத் திசையில் நகரும் பட்டையைக் காட்ட வேண்டும்.

ஒரே ஸ்பைக் அடுத்தடுத்த மின்முனைகளில் சிறு தாமதத்தோடு ஊர்ந்தால் அது ஒரே செல்லின் ஆக்சான். விழித்திரைக்குள் ஆக்சானுக்கு மயலின் இல்லை, வினாடிக்கு சுமார் 1 மீட்டர்தான் போகும். இரண்டு செல் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஈரத்திரை:
ஃபோட்டோடையோடு வைத்துப் பார்த்தேன். குறி தலைகீழ்தான். இப்போது ஆன் நிறைய, ஆஃப் கொஞ்சம்! நன்றி அண்ணா.

மின்முனை60:
இப்போதும் ஒருபக்கமாக இருந்தால் பளிச்சுக்கு முன் திரை முழுக் கறுப்பா என்று பாருங்கள். நடுச் சாம்பலில் தொடங்கி, வெள்ளைக்கும் கறுப்புக்கும் சமதூரம் போக வேண்டும். திரையின் காமா வளைவைத் திருத்தாவிட்டால் எண் 128 என்பது பாதி ஒளி அல்ல, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆன் பக்கம் பெரிய படி, ஆஃப் பக்கம் சின்னப் படி.

பத்தாம்_அடுக்கு:
கடைசியாக ஒன்று. ஒளியுணர் செல் செத்துப்போனவர்களுக்கு விழித்திரையில் வைக்கும் மின்தட்டு இந்த ஆன்-ஆஃப் கணக்கை எப்படிக் கையாள்கிறது?

பி_அலை:
பெரும்பாலும் கையாள்வதே இல்லை. விழித்திரையின் மேல் வைக்கும் வகை, ஆர்கஸ் 2இல் 60 மின்முனை, கேங்லியான் செல்லை நேரடியாகத் தூண்டும். மின்முனைக்குக் கீழேயுள்ள ஆன், ஆஃப் இரண்டும் ஒன்றாகத் துடிக்கும், இயற்கையில் அப்படி ஒரு செய்தியே வராது. மேலே ஊரும் ஆக்சான்களும் தூண்டப்படுவதால் புள்ளிக்குப் பதிலாக வளைந்த கீற்று தெரியும். துடிப்பை 25 மில்லிவினாடி அளவுக்கு நீட்டினால் ஆக்சான் குறைவாகவும் உள் அடுக்குச் செல்கள் அதிகமாகவும் தூண்டப்படுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள், கீற்று சுருங்கும். அடியில் வைக்கும் வகை, 2 மில்லிமீட்டர் சதுரத்தில் 378 பிக்சல் கொண்ட பிரைமா, இருமுனை செல்லைத் தூண்டுவதால் உள் அடுக்கின் அமக்ரைன் வேலை பிழைக்கும். ஆனால் ஆன், ஆஃப் இருமுனை இரண்டும் ஒரே பக்கம் தூண்டப்படுவது அங்கேயும் உண்டு. மரபணு வழியில் ஒளியுணர் புரதத்தை கேங்லியான் செல்லில் ஏற்றிய 2021 சோதனையிலும் ஆஃப் செல் ஒளிக்கு ஆன் செல்போலத் துடிக்கும்.

ஆன் இருமுனைக்கு மட்டும் போகும்படி எம்குளூஆர்6 மரபணுவின் ஊக்கித் துண்டை (மரபணுவை எந்தச் செல்லில் இயக்குவது என்று தீர்மானிக்கும் பகுதி) ஒட்டிப் புரதத்தை ஏற்றும் வழி எலிகளில் வேலை செய்கிறது. அது சரியாக அமைந்தால் ஏ2 அமக்ரைன் செல் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆஃப் பக்கத்துக்குக் கிளைசின் தானாகப் போகும்.